மதுரை மெடிக்கல் பில்லிங் வகுப்பு: கோடு தெரிகிறது, ஆள் தெரியவில்லை

காளவாசல், பைபாஸ் ரோடு, கே.கே.நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடிப்படி ஓரத்தில் ‘ஏ.ஆர். காலிங் - 45 நாள் - வேலை உறுதி’ என்று ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு மையத்தின் 45 நாள் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெயர் போடவில்லை. ஒரு மையத்தின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துத்தான் அடுத்த மையம் கடை திறக்கிறது என்பதால், கீழே வரும் குறைகளில் பாதி பக்கத்து மாடிக்கும் பொருந்தும்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் இன்ஷூரன்ஸுக்குக் கிளைம், அதாவது பணம் கேட்கும் பில், போகிறது. பணம் வராமல் நிற்கிற கிளைமைப் பிடித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, ஏன் நிற்கிறது என்று கேட்டு, சரிசெய்து, பணத்தை வரவைப்பது ஏ.ஆர். (அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள், அதாவது வரவேண்டிய பாக்கி) காலர். ராத்திரி வேலை. இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்கள் வந்தபின் மதுரைப் பிள்ளைகள் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

வகுப்பு தினமும் இரண்டு மணி நேரம், பேட்சுக்கு இருபது பேர். பி.காம்., மைக்ரோபயாலஜி, நர்சிங், பார்மஸி முடித்தவர்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். இவர்களுக்கு மையம் உண்மையாகவே செய்யும் நன்மை ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்க வைக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க எழுத்துச் சொல்லும் பயிற்சி: ‘பி ஃபார் பாய், டி ஃபார் டாம், வி ஃபார் விக்டர்’. போனில் ‘பி’யும் ‘டி’யும் ‘வி’யும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். மெம்பர் ஐ.டி.யில் ஓர் எழுத்து மாறினால் 31 என்ற டினையல் (பணம் தர மறுப்பு), அதாவது ‘இப்படி ஒருவர் எங்களிடம் இல்லை’ என்ற பதில். டாக்டரின் பத்து இலக்க அடையாள எண்ணான என்.பி.ஐ., ஒன்பது இலக்க டாக்ஸ் ஐ.டி., பேஷன்ட் பிறந்த தேதியை மாதம்-நாள்-வருடம் என்ற அமெரிக்க வரிசையில் சொல்வது எல்லாம் நாக்கில் ஏறும்வரை விடுவதில்லை. இதற்கு முழு மார்க்.

இரண்டாவது வாரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. டினையல் கோடுகளை (ஏன் மறுத்தார்கள் என்று சொல்லும் காரண எண்களை) வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிறார்கள். 16 என்றால் விவரம் குறைவு, 18 டூப்ளிகேட், 22 வேறு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, 27 கவரேஜ் முடிந்தது, 29 காலம் கடந்து அனுப்பியது, 50 மருத்துவத் தேவை இல்லை, 197 முன் அனுமதி இல்லை. இருபத்தைந்து கோடு, இருபத்தைந்து மதிப்பெண் டெஸ்ட். ஒவ்வொரு கோடுக்குப் பின்னாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஓர் அமெரிக்கருக்கு ஏதோ நடந்திருக்கிறது. வேலை போயிருக்கும், புது வேலை கிடைத்திருக்கும், கணவனும் மனைவியும் இருவருமே வேலை பார்ப்பார்கள், குடோனில் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்திருக்கும். அதைச் சொல்லித் தராமல் கோடை மட்டும் சொல்லித் தந்தால், காலர் முதல் கேள்வியைக் கேட்பான். இரண்டாவது கேள்வி அவனுக்குத் தோன்றவே தோன்றாது. பணம் இருப்பதோ பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்.

27-ஐயே எடுத்துக்கொள்வோம். நோட்ஸில் இருப்பது: ‘கவரேஜ் டெர்மினேட்டட். பேஷன்டிடம் வேறு இன்ஷூரன்ஸ் உண்டா என்று பார். இல்லையென்றால் பேஷன்டுக்கு பில் அனுப்பு.’ மூன்றே வரி. நம் ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, கம்பெனியில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில்கூட ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன்காலம் என்று கணக்கு தனியாக ஓடுகிறது. அமெரிக்காவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஷூரன்ஸ் என்பது முதலாளி கொடுப்பது. வேலை போனால் அன்றைக்கோ அந்த மாதக் கடைசியிலோ அதுவும் போய்விடும். ஆக 27 என்ற கோடு கண்ணில் பட்டால் முதலில் தோன்ற வேண்டியது, இந்த ஆளுக்கு வேலை போயிருக்கலாம் என்பதுதான்.

அங்கேதான் கோப்ரா வருகிறது. வேலை போனவர் இன்ஷூரன்ஸைத் தொடர வழிசெய்யும் சட்டம்; பெயரில் 1985, கையெழுத்தானது 1986-இல். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வெளியே வந்தால், அதே குரூப் இன்ஷூரன்ஸை பொதுவாக 18 மாதம் வரை தன் கைக்காசில் தொடரலாம். கைக்காசு என்றால் சின்னத் தொகை இல்லை. முதலாளி கட்டிக்கொண்டிருந்த பங்கும் சேர்த்து முழு பிரீமியம், அதற்கு மேல் 2 சதவீதம் நிர்வாகச் செலவு, ஆக 102 சதவீதம் வரை. சம்பளம் நின்றுபோன மாதத்தில் இப்படி ஒரு பில். அதனால் பலர் உடனே எடுப்பதில்லை. எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம். எடுப்பதாகச் சொன்ன பிறகு முதல் தவணை கட்ட 45 நாள். இதற்கிடையில் டாக்டரைப் பார்த்தால் கிளைம் 27-இல் விழும். பிறகு பணம் கட்டினால் கவரேஜ் நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டு உயிர் பெற்றுவிடும். அதாவது, மார்ச்சில் சரியாக டினை ஆன கிளைம் ஜூனில் பணம் தர வேண்டிய கிளைமாக மாறுகிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் தானாகவே அதைத் தேடிப்பிடித்து மறுபடி பிராசஸ் செய்யும் என்று நம்பி உட்கார முடியாது. யாராவது கேட்க வேண்டும்.

ஆகவே 27-க்கு போன் போட்டால் கேட்க வேண்டியவை: டெர்மினேஷன் தேதி துல்லியமாக என்ன; டாக்டரைப் பார்த்த தேதி அதற்கு முன்னா பின்னா (மாதக் கடைசிவரை கவரேஜ் இருந்தும் தவறாக டினை செய்வது உண்டு); கோப்ரா எடுத்ததாக ஃபைலில் ஏதாவது இருக்கிறதா, ரீஇன்ஸ்டேட் ஆகியிருக்கிறதா; வேறு இன்ஷூரன்ஸ் பெயர் ஏதாவது தெரிகிறதா. போனை வைத்தபின் அந்த மாநில மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடு) எலிஜிபிலிட்டியையும், அதாவது அந்தக் கவரேஜ் அவருக்கு உண்டா என்பதையும், ஒருமுறை பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்திய மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுத் தருவார்கள். இதெல்லாம் பார்க்காமல் முழுத் தொகையையும் பேஷன்ட் கணக்கில் தள்ளினால், வேலை போனவர் வீட்டுக்கு முழு பில் போகும், அவர் கட்டமாட்டார், கிளினிக்குக்கும் காசு வராது.

27-க்கு ஜோடி 26. ‘கவரேஜ் தொடங்கும் முன்பே ஆன செலவு.’ இது புது வேலையில் சேர்ந்தவர் கோடு. குரூப் பிளானில் காத்திருப்புக் காலம் 90 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பது 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் விதி. 90 நாள் வரை காத்திருக்க வைக்கலாம் என்றும் அதைப் படிக்கலாம். பழைய கம்பெனி 27, புதுக் கம்பெனி 26. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்று நாட்கள்தான் அமெரிக்காவில் வேலை மாறுவதன் விலை. வகுப்பில் 26 ஒரு நாளும், 27 அடுத்த வாரமும் வருகின்றன. இரண்டையும் ஒரே ஆளின் கதையாகச் சேர்த்துச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், யாருக்கும் மறந்திருக்காது.

டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் பேஷன்ட் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பற்றிய பாடம் பரவாயில்லை, ஒரு தப்பைத் தவிர. வண்டி இன்ஷூரன்ஸில் ‘கம்பல்சரி டிடக்டிபிள்’ என்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்களே, அதே மாதிரிதான் என்கிறார் பயிற்சியாளர். பாதிதான் சரி. வண்டியில் ஒவ்வொரு கிளைமுக்கும் கழிப்பார்கள். அமெரிக்க ஹெல்த் பிளானில் அது வருடக் கணக்கு. ஒருமுறை நிரம்பிவிட்டால் அந்த வருடம் முழுக்கத் திரும்ப வராது. இந்த வித்தியாசம் தெரியாத மாணவருக்குக் கீழே உள்ள கணக்கு வராது.

டாக்டர் போட்ட பில் 250 டாலர். ஒப்பந்தப்படி இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை 140. மீதி 110 கோடு 45-இல் தள்ளுபடி. அதை யாரிடமும் கேட்கக்கூடாது. பேஷன்டுக்கு அந்த வருட டிடக்டிபிளில் இன்னும் 100 பாக்கி என்றால், அந்த 100 பி.ஆர்.-1 (பி.ஆர். என்றால் பேஷன்ட் பொறுப்பு). மிச்சம் 40. அதில் கோஇன்ஷூரன்ஸ் (பேஷன்டின் சதவீதப் பங்கு) 20 சதவீதம், 8 டாலர், பி.ஆர்.-2. இன்ஷூரன்ஸ் தருவது 32. பேஷன்ட் கட்ட வேண்டியது 108. 100, 8, 32 மூன்றையும் கூட்டினால் 140 வரவேண்டும், வரவில்லையென்றால் இ.ஓ.பி.யை (இன்ஷூரன்ஸ் அனுப்பும் கணக்கு விவரத் தாளை) படித்ததில் எங்கோ பிசகு. வகுப்பில் இப்படி ஐந்து கணக்காவது போட வைக்க வேண்டும். போட்டது ஒன்று.

மாதச் சம்பளமோ மணிக்கூலியோ வாங்குகிற ஒருவர், இன்ஷூரன்ஸ் கையில் இருந்தும் 140 டாலர் வைத்தியத்துக்கு 108-ஐத் தானே கட்டுகிறார் என்பதைக் கரும்பலகையில் பார்த்தால்தான், பேஷன்ட் பாக்கி ஏன் நிற்கிறது என்று புரியும். இதற்கும் ஒரு கூரை உண்டு. 2025-க்கு நெட்வொர்க்குக்குள் (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளிடம்) ஒருவர் கையிலிருந்து போகும் உச்சவரம்பு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது (பல மாநிலங்களில் அதைவிட அதிகம்). இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

பெரும்பாலான பிளான்களில் டிடக்டிபிள் ஜனவரி 1-ஆம் தேதி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதே தேதியில் பல முதலாளிகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியையே மாற்றுவார்கள். வேலை மாறாதவருக்கும் 27 விழும், ஏனென்றால் பழைய அட்டையை வைத்தே கிளினிக் கிளைம் அனுப்பியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை எலிஜிபிலிட்டி டினையல் குவிவது இதனால்தான். தை மாதத்தில் வேலைக்குச் சேரும் ஃப்ரெஷருக்கு முதல் மாதமே தலை சுற்றும். அவருடைய தப்பில்லை.

இனி 22, அதாவது இரண்டு இன்ஷூரன்ஸில் யார் முதலில் கொடுப்பது என்ற தகராறு. பிள்ளைகளுக்கு ‘பர்த்டே ரூல்’ உண்டு. நோட்ஸில் ‘வயதில் மூத்த பெற்றோரின் பிளான் பிரைமரி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தப்பு. வருடத்தைப் பார்க்கக்கூடாது; மாதமும் நாளும்தான், எது முன்னால் வருகிறதோ அது. அப்பா 1985 ஆகஸ்ட் 20, அம்மா 1988 மார்ச் 3 என்றால் அம்மாவின் பிளான்தான் பிரைமரி, அப்பா மூத்தவராக இருந்தாலும். விவாகரத்து ஆனவர்கள் என்றால் முதலில் கோர்ட் உத்தரவு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்கு 26 வயது ஆகும்வரை பெற்றோர் பிளானில் இருக்கலாம் என்பதால், இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் சேர்ந்தவருக்குச் சொந்த பிளானும் பெற்றோர் பிளானும் சேர்ந்தே இருக்கும். அப்போது அவருடைய சொந்த வேலையில் கிடைத்ததுதான் முதலில்.

65 வயதுக் கணக்கு இதைவிட முக்கியம். மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பது ‘65 ஆனால் மெடிகேர்’ (மூத்தோருக்கான அமெரிக்க அரசு காப்பீடு). ஆனால் அங்கே 65-இல் வேலையை விடுகிறவர்கள் மட்டும் இல்லை. 1960-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய வயது 67. அதையும் தாண்டி வேலை பார்ப்பவர்கள் உண்டு. பேஷன்டுக்கு 68 வயது, பெரிய கடையில் காஷியர் என்றால், முதலாளியிடம் 20 பேரோ அதற்கு மேலோ இருப்பதால் குரூப் பிளான் பிரைமரி, மெடிகேர் செகண்டரி. அதே 68 வயதுக்காரர் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சின்னக் கடையில் இருந்தால் மெடிகேர் பிரைமரி. பேஷன்ட் ரிடையர் ஆகி, மனைவி இன்னும் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, அவருடைய பிளானில் இவரும் இருந்தால், மனைவியின் பிளான் பிரைமரி. பேஷன்டின் பிறந்த தேதியை மட்டும் பார்த்து மெடிகேருக்கு அனுப்பினால் திரும்பி வரும். அதற்குள் குரூப் பிளானின் ஃபைலிங் காலம் கடந்து 29 விழுந்திருக்கும். மெடிகேருக்காவது ஒரு வருடம் அவகாசம். தனியார் பிளான் பலவற்றில் அதைவிடக் குறைவு. இரண்டு மணி நேரம் எடுக்க வேண்டிய இந்தப் பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, அமெரிக்காவின் 50 மாநிலச் சுருக்கெழுத்துகளுக்கு ஒரு முழு வகுப்பு கொடுக்கிறார்கள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டினால் போதுமே.

19 என்ற கோடு வகுப்பில் வரவே இல்லை. வேலையிடத்தில் பட்ட காயம், ஆகவே வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையிடக் காயத்துக்கான முதலாளி தரப்புக் காப்பீடு) தரவேண்டும் என்று ஹெல்த் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கும் இடம் அது. சி.எம்.எஸ்.-1500 என்ற கிளைம் படிவத்தில் பத்தாவது பெட்டியில் ‘அ, ஆ, இ’ மாதிரி மூன்று கேள்வி: வேலையால் வந்ததா, வாகன விபத்தா, வேறு விபத்தா. கிளினிக் முன்மேசையில் அவசரத்தில் மூன்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிடுவார்கள். டயக்னோசிஸ் எஸ்39.012ஏ, அதாவது கீழ்முதுகுத் தசைப்பிடிப்பு என்று இருந்தால், ‘எஸ்’ வரிசைக் கோடு காயத்தைச் சொல்வதால் இன்ஷூரன்ஸ் சந்தேகப்பட்டு, பேஷன்ட் வீட்டுக்கு ஒரு விபத்துக் கேள்வித்தாள் அனுப்பும். அது நிரப்பித் திரும்பும்வரை கிளைம் பெண்டிங்.

இங்கேதான் பயிற்சி இல்லாத காலர், ‘பேஷன்ட் ஒத்துழைக்கவில்லை’ என்று நோட் போட்டு நகர்ந்துவிடுவார். அந்த பேஷன்டின் பகல் எப்படிப் போகிறது என்று யோசிக்க வேண்டும். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கொடுத்தே தீரவேண்டும் என்று தனியார் முதலாளிகள் எல்லோருக்கும் பொருந்தும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1993-இன் எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் வேலையைக் காப்பாற்றும், சம்பளம் தராது. அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில், 12 மாதம் பணி முடித்து, முந்திய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை பார்த்தவருக்குத்தான். மணிக்கூலிக்காரர் இன்ஷூரன்ஸ் லைனில் அரை மணி ஹோல்டில் நின்றால் அந்த அரை மணிக்கூலி போய்விடுகிறது. 22-க்கும் இதே கதைதான்: எது பிரைமரி என்ற தகவலை மெம்பரே போன் செய்து சொல்ல வேண்டும், கிளினிக் சொன்னால் செல்லாது என்பார்கள். ஆகவே நல்ல காலர், இன்ஷூரன்ஸ் தரப்பில் போனை எடுக்கும் ரெப்பிடம், கேள்வித்தாள் எந்தத் தேதியில் எந்த முகவரிக்குப் போனது, ஆன்லைனில் நிரப்பலாமா, மெம்பர் சர்வீஸ் எத்தனை மணிவரை, மூவர் ஒரே லைனில் பேசினால் ஏற்பார்களா என்று கேட்டு வாங்கி, அதை அப்படியே கிளினிக்குக்கு அனுப்புவார். முன்மேசை அடுத்த வருகையிலேயே பேஷன்ட் கையில் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கிவிடும்.

வேலையிடக் காயம்தான் என்று உறுதியானால் வழியே வேறு. மெம்பர் ஐ.டி. பயன்படாது, முதலாளியிடமிருந்து காம்ப் கிளைம் நம்பர், காயம் பட்ட தேதி, அந்தக் கிளைமைக் கவனிக்கும் அட்ஜஸ்டர் பெயரும் போனும் வாங்க வேண்டும். டாக்டர் குறிப்பைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். பேஷன்டிடம் கோபே (வருகைக்கு இவ்வளவு என்று கட்டும் தொகை) கேட்கக்கூடாது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் தனியார் முதலாளி இந்தத் திட்டத்தில் சேராமலே இருக்கலாம்.

நோட்ஸ் எவ்வளவு பழசு என்று டெமோ வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். இந்த மையத்தின் நோட்ஸில் மெடிகேர் நம்பர் என்பது ‘சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் ஓர் எழுத்தும்’ என்று இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து 11 எழுத்து-எண் கொண்ட எம்.பி.ஐ. வந்து, 2020 ஜனவரியோடு பழையது போய்விட்டது. 99201 என்ற விசிட் கோடு அட்டவணையில் முதலாவதாக நிற்கிறது. 2021 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். முதுகுவலிக்கு எம்54.5 என்று உதாரணம். 2021 அக்டோபரிலிருந்து அது மட்டும் போதாது, எம்54.50 மாதிரி இன்னோர் இலக்கம் வேண்டும். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த நோ சர்ப்ரைஸஸ் சட்டம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே சிகிச்சை பெற்றவருக்கும், நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குள் தெரியாமல் வெளி மயக்க மருந்து டாக்டரிடம் மாட்டியவருக்கும் மிச்சத் தொகையை பில் போடக்கூடாது என்பது சட்டம். தரைவழி ஆம்புலன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது தெரியாமல் பேலன்ஸ் பில்லிங் பாடம் நடத்துவது, செல்லாத நோட்டில் சில்லறை எண்ணிக் காட்டுவதுதான்.

இன்னொன்றைப் பார்த்ததும் திடுக்கென்றது. நோட்ஸின் நடுவில் ஒட்டியிருக்கும் மாதிரி இ.ஓ.பி.யில் பேஷன்ட் பெயரைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். பிறந்த தேதியையும் மெம்பர் ஐ.டி.யையும் அடிக்கவில்லை. நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் 1996-இன் ஹிப்பா சட்டத்துக்கு எட்டாம் பக்கத்தில் தனிப் பாடமே இருக்கிறது.

மாதிரி அழைப்பு மூன்றாவது வாரம் தொடங்குகிறது. பயிற்சியாளர்தான் ரெப். மாணவர் ‘ஐ அம் காலிங் டு செக் தி கிளைம் ஸ்டேட்டஸ்’ என்கிறார், அவர் ‘டினைட், கவரேஜ் டெர்மினேட்டட்’ என்கிறார், மாணவர் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். ஒன்றரை நிமிடம். கைதட்டல். நிஜத்தில் முதலில் ஐ.வி.ஆர். என்ற தானியங்கிக் குரல்; எண்களைத் தப்பாக அழுத்தினால் ஆரம்பத்துக்கே திரும்பும். அப்புறம் ஹோல்ட் மியூசிக். ரெப் அமெரிக்கத் தென்பகுதிக்காரராகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ இருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். ஒரு அழைப்பில் இத்தனை கிளைம்தான் என்று எல்லை வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. எதைக் கடைசிக்குத் தள்ளலாம் என்று போன் போடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பயிற்சியாளர் வேண்டுமென்றே ஒரு விவரத்தை மறைத்து வைத்துக்கொண்டு, மாணவர் தோண்டி எடுக்கிறாரா என்று பார்ப்பதுதான் மாதிரி அழைப்பு. அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை.

நோட் எழுதுவது தனிக் கலை. அதற்கு அரை மணிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘ரெப்பிடம் பேசினேன், கவரேஜ் இல்லையாம், பேஷன்டுக்கு பில் போடவும்’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் அதே கேள்வியோடு மறுபடி போன் போடுவார். இப்படி இருக்க வேண்டும்: ‘பாலிசி முடிந்தது பிப்ரவரி 28, டாக்டரைப் பார்த்தது மார்ச் 11, கோப்ரா ஃபைலில் இல்லை, தேர்வுக் காலம் இன்னும் முடியவில்லை என்றார் ரெப், வேறு கவரேஜ் இல்லை, மெடிகெய்ட் பார்த்தாயிற்று, இல்லை, மே முதல் வாரம் எலிஜிபிலிட்டி மறுபடி பார்க்கவும், ரெஃபரன்ஸ் நம்பர் இன்னது.’ கணக்கை மறுபடி எப்போது தொட வேண்டும் என்ற தேதி கடைசியில் இல்லாத நோட் பாதி நோட்.

நேரம் பற்றியும் மையம் பூசி மெழுகுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை 9 முதல் மாலை 5 என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30 முதல் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 7.30 முதல் 3.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் மாற்றுவதில்லை. கலிஃபோர்னியா கிளினிக் என்றால் இன்னும் மூன்று மணி தள்ளும். வகுப்பு நடப்பது காலை 10 முதல் 12 வரை. கடைசி வாரத்தையாவது ராத்திரி வைத்தால் யாருக்கு இந்த வேலை ஒத்துவரும், யாருக்கு இரண்டு மணிக்கு மேல் நாக்கு குழறும் என்று சேரும் முன்பே தெரிந்துவிடும். மதுரையில் அந்த நேரத்துக்கு டீக்குப் பஞ்சமில்லை. வாடிப்பட்டிக்கும் மேலூருக்கும் வீடு திரும்ப கேப் உண்டா என்பதுதான் கேள்வி. நேர்காணலில் அதைக் கேட்கச் சொல்லியும் தரவில்லை.

யார் சேரலாம்? ஆங்கிலம் ஓரளவு தடையில்லாமல் பேச வந்தால் சேர வேண்டாம். ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நேராக வாக்-இன் போகலாம். பேச்சுதான் தடை என்றால் முதல் மூன்று வாரத்துக்காகச் சேரலாம், மீதியைச் சொந்தமாகப் படித்துக்கொள்ளலாம். கோடிங் வேலைக்கு (நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடும் வேலைக்கு) ஆசைப்படுபவர்கள் இங்கே வந்து ஏமாற வேண்டாம். அது தனி வழி. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு கோடர்களுக்கு நடத்தும் சி.பி.சி. தேர்வு நான்கு மணி நேரம், 100 கேள்வி, தேற 70 சதவீதம் வேண்டும். இந்த 45 நாள் நோட்ஸ் அதற்கு உதவாது. ‘இரண்டுக்கும் சேர்த்துத்தான் மேம்’ என்று கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபீஸ் உங்கள் முதல் மாதச் சம்பளமாக எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்றால் பேரம் பேசுங்கள், அல்லது விடுங்கள். தவணையாகக் கேளுங்கள்; இரண்டாம் தவணை மாதிரி அழைப்பு தொடங்கிய பிறகு இருக்கட்டும். ‘வேலை உறுதி’ என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், சுருதி இறங்கும். அசல் மார்க்‌ஷீட்டையோ தேதி போடாத செக்கையோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெட்செட் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். அங்கே இருக்கும் எட்டில் மூன்றுக்கு மைக் வேலை செய்வதில்லை.